திரும்பி வந்தவருக்கு மாஸ்கோவில் இடமில்லை

அகிரா குரோசாவாவின் ‘டெர்சு உசாலா’ (1975) பார்த்தவர்களுக்கு அந்தக் காடு மறந்திருக்காது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், புலி நடமாடும் பிரிமோரியே பகுதியில், படத்தின் நாயகனான வேட்டைக்காரர் டெர்சுவின் பெயரில் ஒரு கிராமமே இருக்கிறது. ஆள் குறைந்து தேய்ந்துகொண்டிருந்த டெர்சுவில் 2009 வாக்கில் சில குடும்பங்கள் வந்து இறங்கின. ஆண்கள் தாடியும் இடுப்பில் பட்டி கட்டிய சட்டையுமாக இருந்தார்கள். பெண்கள் தரையைத் தொடும் பாவாடையில். சிலுவைக் குறி போட மூன்று விரலைச் சேர்க்காமல் இரண்டை நீட்டினார்கள். பேச்சு பழைய வாடையடிக்கும் ரஷ்யன், நடுநடுவே ஸ்பானிஷ். வந்தது பொலிவியாவிலிருந்து.

இவர்களை ‘பழைய நம்பிக்கையாளர்கள்’ என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை தன் சடங்குகளைத் திருத்தியபோது, அந்த விரல் கணக்கைக்கூட மாற்ற மாட்டோம் என்று நின்றவர்களின் வாரிசுகள். துரத்தத் துரத்த சைபீரியா, புரட்சிக்குப் பிறகு மஞ்சூரியா, சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் ஹாங்காங் வழியாகத் தென் அமெரிக்கா என்று கப்பலேறியவர்கள்.

அவர்களை ரஷ்யா ஏன் திரும்பக் கூப்பிட்டது? பாசம் என்று சொல்லலாம். ஆள் பஞ்சம் என்பதுதான் பொருத்தம். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது சுமார் 2.5 கோடி ரஷ்யர்கள் ஒரே இரவில் வெளிநாட்டுவாசிகளானார்கள். உள்ளே பிறப்பைவிட இறப்பு அதிகம். 2006 ஜூனில் அதிபர் புதின், ‘அயல்வாழ் சக நாட்டவர்’ தாமாக வந்து குடியேற உதவும் திட்டத்துக்கு ஆணை பிறப்பித்தார். பயணச் செலவும் சாமான் கூலியும் அரசுடையது. கையில் ஒரு தொகை. குடியுரிமைக்கும் குறுக்கு வழி. ஆனால் எங்கே குடியேறுவது என்பது பட்டியலில் இருந்தது. முதலில் 12 பிராந்தியங்கள். மாஸ்கோ அதில் இல்லை. கொடுத்த இடத்தைக் கெடுவுக்கு முன் விட்டுப் போனால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

முதல் மூன்றாண்டுகளில் 3 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. பின்னாளில், 2014இல் உக்ரைனின் கிழக்கில் சண்டை மூண்ட பிறகுதான் கூட்டம் பெருகியது. மொத்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. ‘சக நாட்டவர்’ என்பது இனப்பெயர் அல்ல என்பதால் தாஜிக்குகளும் ஆர்மேனியர்களும்கூட இதே வழியில் வந்தார்கள். ரஷ்ய மண்ணில் பிறந்தவர்களுக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் என்று ‘தாயகம் திரும்புவோர்’ என்ற தனிப் பிரிவு 2024இல்தான் தொடங்கியது.

திரும்புவதில் தயக்கம் இருந்தால் அதற்கும் சரித்திரம் உண்டு. மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் ரயில்வேயில் வேலை பார்த்த ரஷ்யர்கள் 1935இல் ஆயிரக்கணக்கில் சோவியத் நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டே வருடத்தில், ஜப்பானிய உளவாளிகள் என்று சொல்லி ‘ஹார்பின்காரர்’களை வளைத்துப் பிடிக்க ரகசியப் போலீசுக்கு உத்தரவு போனது. அந்த வேட்டையில் 30,000 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இப்போது துப்பாக்கி இல்லை, படிவம்தான். அதோடு ஏச்சுப் பேச்சு வேறு. கசகிஸ்தானில் ‘ரஷ்யக்காரர்’ ஆக இருந்தவரை, ரஷ்யாவுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தார் ‘கசாக்’ என்பார்கள். ‘பொனாயெஹலி’ என்று ஒரு சொல் உண்டு; ‘வந்து குவிஞ்சிட்டாங்கப்பா’ என்று நாம் முகம் சுளிப்போமே, அதேதான்.

டெர்சுக்காரர்கள் பொலிவியாவில் டிராக்டர் வைத்து சோயா பயிரிட்டவர்கள். இங்கே நிலத்துக்கும் கடனுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். சிலர் வெறுத்துப்போய் மறுபடி தென் அமெரிக்காவுக்கே மூட்டை கட்டினார்கள். மீதிப் பேர் மாடு வளர்க்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். உறவுக்குள் கல்யாணம் கூடாது என்பது அவர்களிடம் கண்டிப்பு. சின்னக் கிராமத்தில் பாதிப் பேர் சொந்தம். அதனால் பெண்ணோ மாப்பிள்ளையோ தேட அவர்கள் பார்ப்பது இன்னும் பொலிவியா, பிரேசில் பக்கம்தான். வருகிற மணப்பெண்ணுக்கு எல்லாக் காகிதமும் முதலிலிருந்து.