‘நல்ல மனுஷன்’ என்று நம்பி விடலாமா?



விடியுமுன் பெரட்டுக்குப் போகிறோம். பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. “தெரியாதவன் மிட்டாய் கொடுத்தா வாங்காதே” என்று சொல்லி வைக்கிறோம். நல்ல புத்திமதிதான். ஆனால், ஆபத்து பெரும்பாலும் தெரிந்தவனிடமிருந்தே வருகிறது!

அமெரிக்க நீதித்துறை 2000ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. போலீசுக்கு வந்த வழக்குகளில், பாலியல் கொடுமைக்கு ஆளான 18 வயதுக்குட்பட்டோரில் 100க்கு 93 பேருக்கு, கொடுமை செய்தவன் முன்பே பழக்கமானவன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடும்பத்து ஆள்.

இவர்கள் எப்படித்தான் இதைச் செய்கிறார்கள்? மனோதத்துவ நிபுணர்கள் அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் இக்குற்றம் புரிந்த 91 ஆண்களிடம் விசாரித்த ஓர் ஆய்வு 1995இல் வெளிவந்தது. அவர்கள் சொன்னதைக் கேட்டால் வயிறு கலங்கும். தனித்து நிற்கிற பிள்ளை, தன்னம்பிக்கை குறைந்த பிள்ளை, இப்படிப் பார்த்துத்தான் பொறுக்குகிறார்கள். விளையாட்டுக் காட்டுவது, பரிசு கொடுப்பது, “நான் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க” என்று பெற்றோருக்கு உதவுவது, பிறகு தற்செயல் போலத் தொடுவது. ஆக, முதலில் ஏமாறுவது பெரியவர்களாகிய நாம்!

அமெரிக்க அறிஞர் டேவிட் பிங்கல்ஹோர் 1984இல் இதை நான்கு படிகளாக விளக்கினார்.

முதல் படி, தகாத ஆசை.

இரண்டாவது, மனசாட்சியை அடக்குவது. “பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கும் இஷ்டந்தான்” என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்வான். குடியும் இந்தத் தடையைத் தளர்த்தும். ஆனால், குடித்தவனெல்லாம் இதைச் செய்வதில்லை. ஆகவே “போதையிலே செஞ்சிட்டான்” என்பது வெறும் சாக்கு!

மூன்றாவது, பிள்ளையைச் சுற்றியுள்ள காவலைத் தாண்டுவது.

நான்காவது, பிள்ளையின் எதிர்ப்பை உடைப்பது. ஆசை காட்டியோ, மிரட்டியோ, “இது நம்ம ரகசியம்” என்று சொல்லியோ வாயை அடைப்பது.

முதல் இரண்டு படிகளும் அவன் மனத்துக்குள் நடப்பவை. நம்மால் எட்டிப் பார்க்க முடியாது. மூன்றாவதையும் நான்காவதையும் நாம் தடுக்கலாம்.

இன்னொன்று. “சின்ன வயசிலே கொடுமைக்கு ஆளானவன் பின்னாலே அதையே செய்வான்” என்று சிலர் பேசுவார்கள். குற்றம் புரிந்தவர்களில் சிலருக்கு அப்படி நடந்திருப்பது உண்மை. ஆனால், பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தீண்டுவதில்லை. எந்தப் பிள்ளைக்கும் அந்த முத்திரையைக் குத்தாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

• ஒரு பிள்ளையிடம் மட்டும் அடிக்கடி பரிசு, தனியே கூட்டிப்போவது என்று எவர் இருந்தாலும் கவனியுங்கள். மாமன் ஆனாலும் சரி, கங்காணி ஆனாலும் சரி.

• “அம்மாகிட்ட மறைக்கிற ரகசியம் எதுவும் வேண்டாம்” என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுங்கள்.

• ஒருவரிடம் போக மாட்டேன் என்று பிள்ளை அழுதால் அதட்டாதீர்கள். ஏன் என்று மெல்லக் கேளுங்கள்.

• பிள்ளை வாய் திறந்து சொன்னால் நம்புங்கள். “உன் மேலே தப்பு இல்லே” என்று சொல்லுங்கள். பிறகு போலீசுக்கும் அரசாங்க மருத்துவமனைக்கும் போங்கள். குளிப்பாட்டி, துணி துவைத்துவிட்டுப் போகாதீர்கள், தடயம் அழிந்துவிடும்.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், பிள்ளையைத் தீண்டுமுன் அந்த நோக்கத்தோடு பேசிப் பழகி வசப்படுத்துவதையே குற்றமாக்கியிருக்கிறது. 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

“வெளியே தெரிந்தால் மானம் போகுமே” என்று மூடி மறைத்தால், அவன் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போவான். மானம் போக வேண்டியது அவனுக்கு, நம் பிள்ளைக்கல்ல!