முள்ளங்கித் தழையை வீசாதீர்கள்

முள்ளங்கி வாங்கினால் தழையை ஒடித்துப் போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் பையில் எடுத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. ஒடித்துப் போடுகிற தழையில்தான் சத்து அதிகம். அந்தத் தழை வாடாமல், பூச்சிமருந்து படாமல் கிடைக்க நல்ல வழி, வீட்டிலேயே வளர்ப்பதுதான். சங்கரன்கோவில் போன்ற வெயில் ஊரிலும் அது முடியும்.

டர்னிப்பா, முள்ளங்கியா?

முள்ளங்கியைப் போலவே கிழங்குக்காகவும் இலைக்காகவும் வளர்க்கப்படுவது டர்னிப். டர்னிப், முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். டர்னிப்புக்குக் குளிர் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நன்றாக வரும். நம் சமவெளிக்கு ஏற்றது முள்ளங்கி. அதிலும் 'பூசா சேத்கி' என்ற ரகம் வெப்பத்தைத் தாங்கும். 40 முதல் 45 நாளில் பிடுங்கலாம்.

தழையில் என்ன இருக்கிறது?

100 கிராம் டர்னிப் கிழங்கில் கால்சியம் சுமார் 30 மில்லிகிராம், வைட்டமின் சி சுமார் 21 மில்லிகிராம். அதே எடை இலையில் கால்சியம் சுமார் 190, வைட்டமின் சி சுமார் 60 மில்லிகிராம். முள்ளங்கியிலும் கிழங்கைவிட இலையே சத்தில் முந்தி நிற்கிறது. கண்ணுக்கு வேண்டிய பீட்டா கரோட்டினும், இரும்பும், ஃபோலேட்டும் இலையில் உண்டு. முள்ளங்கிக் கிழங்கும் வீணல்ல: 100 கிராமில் 16 கலோரிதான், நீர் நிறைந்தது, நாரும் உண்டு. சர்க்கரை நோயாளிகளும் எடை குறைக்க விரும்புவோரும் தயங்காமல் சாப்பிடலாம்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. கீரை மட்டும் இதைத் தீர்த்துவிடாது. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் அன்றாடச் சாப்பாட்டில் கீரையும் இருப்பது ரத்தசோகையை எதிர்கொள்ள உதவும்.

வீட்டில் வளர்ப்பது எப்படி?

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் மண்ணைத் தயார் செய்யத் தொடங்கலாம். புரட்டாசி, ஐப்பசி விதைப்புக்கு நல்ல பருவம்.

நம் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்தால் இறுகி வெடிக்கும். கிழங்கு நேராக இறங்காது. அதனால் ஓர் அடி ஆழமுள்ள தொட்டியிலோ பையிலோ செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். மக்காத சாணம் போட்டால் கிழங்கு கவைவிடும்.

முள்ளங்கியை நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது. விதையை அரை அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்ற வேண்டும். முளைத்தபின் நான்கு அங்குலத்துக்கு ஒரு செடி விட்டு மற்றவற்றைக் களையுங்கள். களைந்த இளஞ்செடிகளும் பொரியலுக்கு ஆகும். தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். ஈரம் சீராக இருக்க வேண்டும். காயவிட்டுத் திடீரென நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். அசுவினிப் பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும்.

மூன்று வாரம் ஆனதும் செடிக்கு ஓரிரண்டு வெளி இலைகளைக் கிள்ளிச் சமைக்கலாம். நடுக்குருத்தைத் தொடாதீர்கள். நாள் கடந்தால் கிழங்கு முற்றி உள்ளே சக்கையாகிவிடும், பருவத்திலேயே பிடுங்கிவிடுங்கள்.

சத்துக் குறையாமல் சமைக்க

தழையை முழுதாகக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிக் கழுவினாலும், வேகவைத்த தண்ணீரை வடித்தாலும் வைட்டமின் சி குறைந்துவிடும். சிறுபருப்பை முக்கால் வேக்காடு வேகவைத்து, நறுக்கிய தழையும் கிழங்கும் சேர்த்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றினால் கூட்டு தயார். இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கீரையிலுள்ள இரும்பை உடல் ஏற்க அது உதவும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் அந்தப் பலன் குறையும்.

வாடை பிடிக்காத பிள்ளைகளுக்குக் கிழங்கை எண்ணெயில் நன்றாக வதக்கிச் சாம்பாரில் போடுங்கள். மார்க்கெட்டில் டர்னிப் கிடைத்தால் அதையும் இதே முறையில் சமைக்கலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இலையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் பச்சையாக அதிகம் உண்ணாமல் சமைத்து அளவாகச் சாப்பிடலாம்.

முள்ளங்கிச் சாறு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று நம்பி வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தறிக்கூடத்து வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கல் வராமல் தடுக்க முதல் தேவை போதுமான தண்ணீர். வலியோடு காய்ச்சலோ, சிறுநீரில் ரத்தமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் புரட்டாசியில் ஒரு தொட்டியில் விதை ஊன்றிப் பாருங்கள். கிழங்கு திரள்வதற்கு முன்பே உங்கள் வீட்டு அடுப்பில் கீரை வெந்துகொண்டிருக்கும்.