எடை என்பது யாருடைய பிரச்சினை?

அமெரிக்கச் சாலைகளில் அன்றாடம் எதிர்ப்படும் இரு வாகனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, மாஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 மியாட்டா. இரண்டே இருக்கைகள், துணிக்கூரை. எடை ஏறத்தாழ 1,100 கிலோ. மற்றொன்று, ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக். இரண்டு டன்னைத் தாண்டும் எடை. நான்கு கதவு வகையின் நீளம் ஏறத்தாழ ஆறு மீட்டர்.

எது சிறந்தது என்னும் கேள்வி பொருளற்றது. குதிரை வண்டியை இழுத்துச் செல்லும் பண்ணைக்காரருக்கு மியாட்டாவால் பயனில்லை. எனினும் பொறியியல் நோக்கில் சிறிய காரின் தர்க்கமே என்னைக் கவர்கிறது. எடை குறைந்தால் சிறிய எஞ்சின் போதும். சிறிய எஞ்சினுக்குச் சிறிய பிரேக்கும் மெல்லிய டயரும் போதும். அவற்றால் எடை மேலும் குறையும். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் தம் கார்களை இந்த நம்பிக்கையில்தான் கட்டினார். ஃபோர்டும் இதை அறியாததன்று: 2015 மாடலில் அலுமினிய உடலுக்கு மாறி, 300 கிலோ வரை குறைத்தது.

சிக்கல், இரண்டும் ஒரே சாலையில் ஓடுவதில் இருக்கிறது. இரண்டும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். டிரக்கின் எடை 2,200 கிலோ எனில், மோதலுக்குப் பின் இரண்டும் டிரக் சென்ற திசையிலேயே ஏறத்தாழ 17 கி.மீ. வேகத்தில் நகரும். அதாவது டிரக்கில் இருப்பவர் 33 கி.மீ. வேக மாற்றத்தையும், காரில் இருப்பவர் 67 கி.மீ. மாற்றத்தையும் தாங்க வேண்டும். பெரிய வண்டி வாங்குபவர் பெறும் பாதுகாப்பில் ஒரு பங்கு, எதிரே வருபவரிடமிருந்து எடுக்கப்படுவது.

நடந்து செல்பவருக்கோ உலோகக் கூடுகூட இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி, முன்பகுதி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உள்ளவற்றைவிட உயிரிழப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த கார் காலில் மோதுகிறது. உயர்ந்த டிரக் மார்பிலும் தலையிலும் மோதுகிறது. 2009-இல் அந்நாட்டில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் ஏறத்தாழ 4,100 பேர். 2022-இல் 7,500-க்கும் மேல். இருட்டு, வேகம், கைப்பேசி எனக் காரணங்கள் பல உண்டு. டிரக் மட்டுமே குற்றவாளி அல்ல.

இதை வெறும் நுகர்வோர் விருப்பம் என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி விதித்ததற்குப் பதிலடியாக, 1964-இல் உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி முதலியவற்றோடு இறக்குமதி டிரக்குகளுக்கும் அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. மற்றவற்றின் மீதான வரி நீங்கியது. டிரக் வரி அறுபது ஆண்டுகள் நீடித்தது. எரிபொருள் விதிகளும் டிரக்குகளுக்குத் தனிச்சலுகை தந்தன. பின்னர் வந்த திருத்தமோ, நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெருகப் பெருக இலக்கைத் தளர்த்தியது. சிறிய வண்டியைத் தயாரிப்பவருக்கே கடினமான இலக்கு வாய்த்தது.