யாருடைய உலகத்தைக் காக்கிறான் ஹெல்பாய்?

ஹெல்பாயைப் பார்த்து யாரும் நாயகன் என்று சொல்லிவிட மாட்டார்கள். சிவந்த தோல், நீண்ட வால், அறுத்துத் தேய்த்த கொம்புகள், கல்லாலான வலது கை. 1944-இல் நாஜிகள் நடத்திய மாந்திரீகச் சடங்கின்போது இந்த உலகத்துக்கு வந்து சேர்ந்த குட்டிப் பேய் அவன். ஒரு பேராசிரியர் அவனை மகனாக வளர்த்தார். வளர்ந்தபின், அமெரிக்க அரசின் ரகசியத் துறையொன்றுக்காகப் பூதங்களை வேட்டையாடுகிறான். மற்ற நேரத்தில் பூனைகளைக் கொஞ்சுகிறான், சுருட்டுப் பிடிக்கிறான், பீர் குடிக்கிறான். மைக் மிக்னோலா காமிக்ஸில் படைத்த இந்தப் பாத்திரத்தை மெக்சிகோ இயக்குநர் கியெர்மோ தெல் தோரோ 2004-இல் திரைக்குக் கொண்டுவந்தார். அவரே 2008-இல் எடுத்த இரண்டாம் பாகம் 'ஹெல்பாய் 2: தி கோல்டன் ஆர்மி'. அதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அதன் காட்சியழகைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் உண்மையான பலம் அது எழுப்பும் கேள்வியில் இருக்கிறது: தன்னை வெறுக்கிற மக்களுக்காக ஒருவன் தன் இனத்தையே அழிக்க வேண்டுமா?

அதே ஆண்டில் வந்தவைதான் 'அயர்ன் மேன்', 'தி டார்க் நைட்' இரண்டும். அவற்றின் நாயகர்கள் பெரும் பணக்காரர்கள். கவசத்தைக் கழற்றிவிட்டால் ஊர் மதிக்கும் மனிதர்கள். ஹெல்பாய் எதைக் கழற்றுவான்? துறை அவனை மறைத்தே வைத்திருக்கிறது. அந்தத் தலைமறைவு வாழ்க்கை பொறுக்காமல், படத்தின் தொடக்கத்திலேயே வேண்டுமென்றே பத்திரிகையாளர்களின் கண்ணில் படுகிறான். மக்கள் தன்னைப் பார்த்துவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்று அவன் நம்புவது எவ்வளவு பெரிய ஆசை! அந்த ஆசையின் மேல்தான் வில்லன் கைவைக்கிறான்.

வில்லன் நுவாடா, எல்ஃப் குலத்து இளவரசன். ஆதிகாலத்தில் மனிதர்களோடு நடந்த போரில் அவனுடைய தந்தை எழுபது எழுபதாகப் பெருக்கி 4,900 இயந்திர வீரர்களைச் செய்விக்கிறார். அவற்றின் கொடூரத்தைக் கண்டு மனம் நொந்து உடன்படிக்கை செய்துகொள்கிறார். நகரங்கள் மனிதர்களுக்கு, காடுகள் தம் குலத்துக்கு. மனிதர்கள் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. அந்தப் படையை எழுப்பத் திரும்பி வருகிற நுவாடாவின் கோபத்தில் பொய்யே இல்லை. இந்தப் படம் மற்றவற்றிலிருந்து விலகுவது இங்கேதான்.

படத்தின் உயிர் நியூயார்க் தெருவில் நடக்கும் ஒரு சண்டைக்காட்சி. நுவாடா எறிந்த ஒரு விதை தண்ணீர் பட்டதும் மலைபோல வளர்ந்து கார்களை நொறுக்குகிறது. அது ஒரு வனதேவதை. ஒரு கையில் தான் காப்பாற்றிய குழந்தை, மறு கையில் துப்பாக்கியோடு நிற்கிறான் ஹெல்பாய். இதன் இனத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான், உன்னையும் என்னையும் போல என்று நுவாடா சொல்ல, அவன் கை தயங்குகிறது. பிறகு சுடுகிறான். செத்து விழுந்த உடலிலிருந்து பச்சை படர்ந்து, தெருவெங்கும் செடியும் பூவுமாகப் பூக்கிறது. குழந்தையைத் தாயிடம் நீட்டினால், அவள் பதறிப் பிடுங்கிக்கொள்கிறாள், கூட்டம் வசைபாடுகிறது. வெற்றி பெற்ற நாயகன் கொலைகாரனைப் போல நிற்கிறான். சூப்பர்ஹீரோ படங்களில் இவ்வளவு துக்கம் நிறைந்த வெற்றி அரிது.

கதை பலவீனமானது என்பார்கள். மூன்று துண்டான கிரீடத்தைத் தேடி ஓடும் பழைய சங்கதிதான், மறுப்பதற்கில்லை. விதவிதமான பிராணிகள் மலிந்து கதையை மூடிவிட்டன என்ற குறையை மட்டும் ஏற்க முடியவில்லை. புரூக்ளின் பாலத்தடியில் இருக்கும் ட்ரோல் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பேரம் பேசுகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஹெல்பாயை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூதங்கள் அவ்வளவு நுணுக்கமாக, பெரிதும் மேக்கப்பிலும் உடையிலும் கண்முன் நின்றால்தான், அழியப்போவது ஒரு வாழ்க்கை என்று நமக்கு உறைக்கும். நுவாடாவுக்கு இந்தப் படம் வக்காலத்து வாங்குகிறது என்பதும் பொருந்தாது. ஏலக்கூடத்தில் நிரம்பியிருந்தவர்களை எலும்பு தின்னும் குட்டிப் பூச்சித் தேவதைகளுக்கு இரையாக்குகிறான், சொந்தத் தந்தையையே கொல்கிறான். அவன் குற்றச்சாட்டு நியாயம், தீர்ப்பு அநியாயம் என்று இரண்டையும் சேர்த்தே நம் முன் வைக்கிறது படம்.

கேள்வியை எழுப்பிவிட்டுப் பாதியில் போய்விட்டது என்ற குறைதான் கனமானது. ஹெல்பாய் உலகத்தை அழிப்பான் என்று மரணதேவதை எச்சரித்தும், காதலி லிஸ் அவன் உயிரைக் கேட்டு வாங்குகிறாள். அதன் விளைவைச் சொல்லவேண்டிய மூன்றாம் பாகத்தை தெல் தோரோ எடுக்கவே இல்லை; 2019-இல் வேறொரு நடிகரோடு எல்லாம் புதிதாகத் தொடங்கப்பட்டது. இருந்தாலும் இரண்டாம் பாகத்தின் முடிவில் ஹெல்பாயும் நண்பர்களும் துறையின் வேலையை உதறிவிட்டு நடக்கிறார்கள். உலகைக் காப்பதை அரசின் கட்டளையாக இனி ஏற்பதில்லை என்பது அரைகுறை விடை ஆகாது. மிச்சத்தை தெல் தோரோ 2017-இல் வேறு இடத்தில் சொன்னார். சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' படத்தில், அரசு ஆய்வுக்கூடத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட நீர்வாழ் உயிரினமாக நடித்தவர் டக் ஜோன்ஸ். ஹெல்பாயின் மீன்மனித நண்பன் ஏபாக நடித்ததும் அவரே. அங்கே துப்பாக்கியோடு துரத்துகிறவன் அரசு அதிகாரி. அந்த உயிரைத் திருடிக்கொண்டுபோய்க் காப்பாற்றுகிறவள் வாய் பேச இயலாத துப்புரவுத் தொழிலாளி.