முட்டி வலிக்கும்போது எடையை எப்படிக் குறைப்பது?

முட்டி வலி என்று மருத்துவமனைக்குப் போகும் நடுத்தர வயதுப் பெண்களில் பலர் இரண்டு வாக்கியங்களோடு வீடு திரும்புகிறார்கள். ஒன்று, “ஜவ்வு தேய்ஞ்சிருக்கும்மா.” இன்னொன்று, “எடையைக் குறைங்க.” இவற்றில் மனதில் தைப்பது முதலாவதுதான். தேய்ந்துபோன ஒன்றை மேலும் தேய்க்கலாமா என்ற பயம் அன்றே தொடங்கிவிடுகிறது. காய்கறிக் கடைக்குப் போவது குறைகிறது. மொட்டை மாடியில் துணி காயப்போட மகளோ மருமகளோ போகிறார்கள். கோயிலுக்கு ஆட்டோ. சில மாதங்களில் எடை இரண்டு, மூன்று கிலோ ஏறுகிறது. வலியும் கூடவே ஏறுகிறது. அடுத்த முறை போனால், “எடையைக் குறைக்கச் சொன்னேனே, ஏன் குறைக்கலை?” என்ற கேள்வி காத்திருக்கிறது.

நடந்தால் வலிக்கிறது. நடக்காவிட்டால் எடை ஏறுகிறது. எடை ஏறினால் இன்னும் வலிக்கிறது. இந்தச் சுழலுக்குள் இருப்பவரிடம் “வாக்கிங் போங்க” என்று சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம்கூட ஆகாது. ஆனால், சுழலை விட்டு வெளியே வர வழி இருக்கிறது. பெரிய ஆய்வுகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி அது. அங்கே போவதற்கு முன்னால், ‘தேய்மானம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூட்டுக்கு உணவு

முட்டியில் எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பைத்தான் பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோம். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அப்படியானால் அதற்கு ஊட்டம் எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்து. கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுத்தப்பட்டுத் திரவம் வெளியே வருகிறது. காலைத் தூக்கும்போது திரவம் உள்ளே போகிறது. நனைந்த பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல. அளவான நடை மூட்டுக்குச் சோறு போடும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் முட்டி பட்டினி கிடக்கிறது.

வண்டிச் சக்கரம் ஓட ஓடத் தேய்வதுபோல முட்டியும் தேய்கிறது என்பது அதனால் சரியான படம் இல்லை. ‘தேய்மானம்’ என்று சொல்லப்படும் மூட்டுவாதத்தில் குருத்தெலும்பு மெலிவது உண்மை. கூடவே அடியிலிருக்கும் எலும்பு மாறுகிறது, மூட்டைச் சுற்றிய சவ்வில் லேசான அழற்சி இருக்கிறது, தொடைத் தசை பலம் இழக்கிறது. இவற்றில் தொடைத் தசையை நம்மால் நேரடியாகத் திருப்பிக் கொண்டுவர முடியும். அழற்சியையும் ஓரளவு தணிக்க முடியும். உடல் கொழுப்பு வெறும் சுமையாகத் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. உடல் பாரத்தைத் தாங்காத கைவிரல் மூட்டுகளில்கூட பருமனானவர்களுக்கு மூட்டுவாதம் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

எக்ஸ்ரே படம் வேறு, வலி வேறு. படத்தில் மூட்டு இடைவெளி நன்றாகவே குறைந்திருக்கும் சிலர் வலியில்லாமல் நடமாடுகிறார்கள். படத்தில் பெரிதாக எதுவும் தெரியாத சிலரால் படி ஏற முடிவதில்லை. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு நடமாடும்போது வலி இருந்து, காலையில் மூட்டு இறுக்கம் இல்லாமலோ அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்காமலோ இருந்தால், படம் எடுக்காமலே மூட்டுவாதம் என்று முடிவு செய்யலாம் என்கிறது. எனவே படத்தைப் பார்த்து உங்கள் கால்களின் எதிர்காலத்தை முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலி அவ்வளவு காலம் நீடிக்கும்போது நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. முன்பு வலிக்காத அளவு அழுத்தம் இப்போது வலிக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதுபோல, மாதக்கணக்கில் வலியைச் சுமந்த நரம்புகள் சின்ன அசைவுக்கும் அபாயக் குரல் எழுப்புகின்றன. வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வலி முழுக்க உண்மை. ஆனால் ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் உள்ளே ஏதோ புதிதாகச் சேதமாகிறது என்பது உண்மையில்லை. இந்த வித்தியாசம் புரிந்தவர்களால்தான் பயமில்லாமல் காலை எடுத்து வைக்க முடிகிறது.

ஒரு கிலோவுக்கு நான்கு கிலோ

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. 70 கிலோ எடையுள்ள ஒரு பெண் 7 கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு 28 கிலோ மிச்சம். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வு 2013-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. முட்டி வலியும் அதிக எடையும் உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆன 454 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். இன்னொன்றுக்கு உடற்பயிற்சி மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். 18 மாதம் கழித்து, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்த எடை சராசரியாக 2 கிலோகூட இல்லை. உணவைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு ஏறக்குறைய 9 கிலோ. இரண்டும் செய்தவர்களுக்கு 10 கிலோவுக்கு மேல். வலி நன்றாகக் குறைந்ததும் இந்த மூன்றாவது பிரிவுக்குத்தான்: அவர்களில் 38 சதவீதம் பேர் வலி இல்லை அல்லது மிகக் குறைவு என்றார்கள். மற்ற இரண்டு பிரிவுகளிலும் இப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய 20 சதவீதம்.

முட்டி வலியோடு இருப்பவர்களுக்கு இந்த முடிவு பெரிய ஆறுதல். எடையைக் குறைக்க ஓட வேண்டாம், வேர்க்க விறுவிறுக்க நடக்கவும் வேண்டாம். எடை குறைவது பெரும்பாலும் தட்டில். பயிற்சியின் வேலை தசைக்குப் பலம் கொடுப்பதும் வலியைத் தணிப்பதும். கால் ஒத்துழைக்காத நாளிலும் எடைக் குறைப்பு நிற்க வேண்டியதில்லை.

நம் தட்டுக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ளவர் மெதுவாக அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 100 கலோரி. நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சர்க்கரையில் மட்டுமே 160 கலோரி. தாளிக்கவும் வதக்கவும் ஊற்றும் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. காபியில் சர்க்கரையைப் பாதியாக்கி, ஒருவர் பங்கு எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டியைக் குறைத்தாலே 200 கலோரி கழிந்துவிடும். வலிக்கும் கால்களோடு ஒரு மணி நேரம் நடந்து எரிப்பதும் அவ்வளவுதான்.

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவது தெரிந்தது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்றால் வேறு எப்படி இருக்கும்? சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலையும் கீரையையும் பயறு, சுண்டல், முட்டை, மீன், தயிர் போன்றவற்றையும் வைக்க வேண்டும். புரதம் இங்கே மிக முக்கியம். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தொடைத் தசை கரைந்தால் முட்டிக்கு இருந்த கொஞ்சம் தாங்கலும் போய்விடும். வலியோடு இருப்பவர்கள் கஞ்சியும் ரசமும் மட்டும் குடித்து எடை குறைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததை வீணாக்க மனமில்லாமல் சாப்பிட்டு முடிக்கும் பெண்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய எடை அவர்களுடைய பிரச்சினை மட்டுமில்லை. அந்த வீட்டில் எவ்வளவு சமைக்கிறோம், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்பதும் வைத்தியத்தில் சேரும்.

எவ்வளவு நடக்கலாம்?

வலி குறைவான நாளில் வீடு முழுக்க ஒட்டடை அடித்து, ஜன்னலெல்லாம் துடைத்து, அடுத்த மூன்று நாள் கட்டிலோடு கிடப்பது நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. நல்ல நாளில் எவ்வளவு முடியும் என்று பார்க்காமல், மோசமான நாளில் எவ்வளவு முடியும் என்று பார்த்துத் தொடங்க வேண்டும். வலி அதிகமான நாளில் ஆறு நிமிடம் நடக்க முடிகிறதா? ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் ஐந்துதான். ஒரு வாரம் அது பழகியபின் ஆறு, பிறகு ஏழு. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு. ஆனால் அதற்குக் குறைவான அசைவும் அசையாமல் இருப்பதைவிட நல்லது என்று அதே நிறுவனம் சொல்கிறது. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும்.

பயிற்சியின்போது வலித்தால் நிறுத்த வேண்டுமா? டென்மார்க்கில் 2013-ல் தொடங்கி மூட்டுவாதக்காரர்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தில் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. வலியே இல்லையென்றால் 0, தாங்க முடியாத வலி 10. பயிற்சியின்போது 2 வரை பயமில்லை. 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் குறைக்க வேண்டும். கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். பயிற்சியை விட்டுவிட வேண்டாம். ஆரம்ப வாரங்களில் வலி கொஞ்சம் கூடுவது வழக்கம். அதை முன்பே சொல்லாததால்தான் பலர் பத்தே நாளில் கைவிடுகிறார்கள்.

நடையைவிடவும் முக்கியம் தொடைத் தசை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து விநாடி வைத்திருந்து விட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. பிறகு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மெதுவாக உட்காருவது. வலித்தால் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பலம் கூடுவதை உணரச் சில வாரங்கள் ஆகும். வலி கடுமையாக இருக்கும் காலத்தில் தரையில் சம்மணமிடுவதையும் குந்தி உட்காருவதையும் தவிர்க்கலாம். அது வாழ்நாள் தடையாக வேண்டியதில்லை.

முட்டி சிவந்து சூடாகி வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், அடிபட்டபின் கால் ஊன்ற முடியாவிட்டால், மூட்டு பூட்டிக்கொண்டு அசையாவிட்டால், காலை இறுக்கம் நெடுநேரம் நீடித்தால் இந்தக் கட்டுரையை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றி

வலிக்காகக் கொடுக்கப்படும் சில மருந்துகளே எடையை ஏற்றும். ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், ஸ்டீராய்டு ஆகியவை அந்த வரிசையில் வரும். இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே எடை குறையவில்லை என்று தங்களையே நொந்துகொள்பவர்கள் உண்டு. ஆனால் மருந்தைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேட்கலாம். ‘மூன்றே நாளில் மூட்டு வலி போகும்’ என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளையும் மாத்திரைகளையும் தொடவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் அபாயம் உண்டு.

வாரம் ஒரு முறை போடும் செமாக்ளுடைட் ஊசியைப் பற்றி இப்போது அதிகம் கேட்கிறார்கள். பருமனும் முட்டி வலியும் உள்ள 407 பேரிடம் 68 வாரம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்கு எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது; மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களைவிட வலியும் கூடுதலாகக் குறைந்தது. சிலருக்கு இது உண்மையில் உதவும். ஆனால் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் எடுக்கக் கூடாது, தொடைத் தசைப் பயிற்சிக்கு அது ஈடும் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருவதும் அடக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அடுத்த முறை “எடையைக் குறைங்க” என்று சொல்லும்போது தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.