திடலும் ஊரும் – 14: இரண்டாவது கோல்கீப்பர்

உப்பளம் மைதானத்தின் மாலை நேரக் கால்பந்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இதழ் கடைக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு தகப்பனார் தொலைபேசியில் கூப்பிட்டார். புதுச்சேரியின் மீனவர் குப்பம் ஒன்றில் வலை பின்னுகிறவர்.

"சார், நீங்க எழுதுன டீம்ல எம் பையனும் இருக்கான். ஆனா அவன் ஆடி நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அவன் ரெண்டாவது கீப்பரு."

பையன் ஒரு தனியார் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன். படிப்புக் கட்டணம் கிடையாது என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டில் அவன் களம் இறங்கியது ஒரே ஆட்டத்தில், அதுவும் பிற்பாதியில் மட்டும். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் அலுவலகத்தில் அழைத்து, இனி முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரிக்கு அவனால் பங்களிப்பு எதுவும் இல்லையாம்.

"ஒரு நாள் பிராக்டீசுக்கு லீவு போட்டதில்ல சார். அவன் செஞ்ச தப்பு என்னான்னு மட்டும் சொல்லட்டும். நான் கடன ஒடன வாங்கிக் கட்டிடறேன்."

அவர் பெயரையோ கல்லூரியின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. பையன் இன்னும் அங்கேதான் படிக்கிறான். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அதனால், இந்த வாரம் எழுத நினைத்திருந்த ஓட்டப்பந்தயப் பாதையைத் தள்ளி வைத்துவிட்டேன்.

ஆடாத ஆளுக்கு எதற்கு உதவித்தொகை? இப்படிக் கேட்பவர்களை நான் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். கல்லூரியிடம் இருக்கும் பணத்துக்கு அளவு உண்டு. ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று ஆண்டைக் கழித்தால், வாசலில் நிற்கும் இன்னொரு நல்ல ஆட்டக்காரனுக்கு இடம் இல்லாமல் போகிறதே என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனாலும் அவர்கள் சொல்லும் தீர்வு தவறு என்று நினைக்கிறேன்.

முதலில் 'பங்களிப்பு' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் கல்லூரி விளையாட்டில் ஆட்டங்கள் எத்தனை? கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் நடக்கின்றன. பதினாறு அணிகள் மோதினால் கோப்பையைத் தூக்கும் அணிக்கே நான்கு ஆட்டங்கள்தான் கிடைக்கும். முதல் சுற்றில் தோற்ற அணிக்கு ஒன்று. கால்பந்தில் அது தொண்ணூறு நிமிடம். ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுத்த இருபது பேரும் அந்தத் தொண்ணூறு நிமிடத்துக்குள் தங்கள் பங்களிப்பைக் காட்டியாக வேண்டும் என்றால், களத்தில் நிற்கும் பதினொரு பேரில் பாதிப் பேருக்கே அது முடியாது.

நம் பல்கலைக்கழகத்தின் பூகோளமும் இதில் சேர்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நம் மாநிலத்தில் உள்ள கல்லூரிகள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு பகுதிகளில் இருக்கின்றன. காரைக்கால் இங்கிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மாஹே அந்தப் பக்கம் அரபிக்கடல் ஓரம், ஏனாம் ஆந்திராவுக்குள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அப்படி. ஒரு நட்பு ஆட்டத்துக்குக்கூட வேன் வாடகையையும் இரவுத் தங்கலையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆட்டங்களைக் கூட்டாமல் ஆட்டக்காரனிடம் கணக்குக் கேட்பது எப்படிச் சரியாகும்?

அடுத்தது கோல்கீப்பர் இடம். கால்பந்தில் வேறு எந்த இடத்துக்கும் இல்லாத தலைவிதி இதற்கு உண்டு. களைத்துப்போன முன்கள வீரரை அறுபதாவது நிமிடத்தில் மாற்றுவார்கள். கோல்கீப்பரை யாரும் அப்படி மாற்றுவதில்லை. முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், இல்லையென்றால் சிவப்பு அட்டை விழ வேண்டும். அதுவரை இரண்டாமவர் கையுறையோடு காத்திருக்க வேண்டியதுதான். அவர் இல்லாத அணி, அந்த நாள் வந்தால் ஒரு தடுப்பாட்டக்காரரைக் கம்பத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டுத் தோற்கும்.

இதை நான் விளக்கப் போனபோது அந்தத் தகப்பனார் என்னைவிட நன்றாகச் சொன்னார். "போட்டுல ரெண்டாவது நங்கூரம் ஒண்ணு வெச்சிருப்போம் சார். அது தண்ணில எறங்கவே இல்லன்னு கழட்டிப் போட்டுட்டா கடலுக்குப் போவோம்?"

நானும் பெஞ்சில் இருந்தவன். கல்லூரிக் கபடி அணியில் எனக்கு எப்போதும் பத்தாவது, பதினோராவது இடம். கபடியில் களத்தில் நிற்பவர்கள் ஏழு பேர், மாற்று ஆட்கள் ஐந்து பேர். ஆக மொத்தம் பன்னிரண்டு. மூன்று ஆண்டில் நான் கோட்டுக்குள் இறங்கிய ஆட்டங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் தினமும் மாலையில் எங்கள் அணியின் முதல் ரைடர் பாடிக்கொண்டு வந்தது என் மேல்தான். அவர் காலைப் பிடிக்கிற வேலை எனக்கு. நான் பிடித்துப் பிடித்துத்தான் அவர் தப்பிக்கக் கற்றுக்கொண்டார். எதிரில் நிற்க ஆள் இல்லாமல் கபடிப் பயிற்சி என்று ஒன்று கிடையாது. கைப்பந்தானாலும் கால்பந்தானாலும் இதேதான். பெஞ்சில் இருப்பவர்களைக் கழித்துவிட்டால் மாலையில் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடவே ஆள் இருக்காது. முதல் பதினொரு பேரை உருவாக்குவது மற்ற ஒன்பது பேர். ஸ்கோர் புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லாதது புத்தகத்தின் குறை.

ஒரு நண்பர் மறித்துக் கேட்டார்: "மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை வாங்குகிறவன் மார்க் குறைந்தால் இழக்கிறானே, இவனுக்கு மட்டும் ஏன் சலுகை?" இந்த விவாதத்தில் நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தில்தான். மதிப்பெண் எடுப்பது பெரும்பாலும் படிப்பவன் கையில் இருக்கிறது. ஒருவன் எண்பது வாங்கினால் இன்னொருவன் எண்பது வாங்கத் தடை இல்லை. அணியில் இடம் அப்படியில்லை. கோல்கீப்பர் ஒருவர்தான். யார் அந்த ஒருவர் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். தன் கையில் இல்லாத முடிவுக்காக ஒரு மாணவனைத் தண்டிக்கக் கூடாது. அவனைத் தேர்ந்தெடுத்ததே கல்லூரிதான். கணிப்பு தவறியிருந்தால் அந்த நட்டத்தைத் தாங்க வேண்டியதும் கல்லூரிதான், வலை பின்னுகிறவர் அல்ல.

இதே கதை அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1973-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி விளையாட்டு உதவித்தொகை ஒவ்வொரு ஆண்டாகத்தான் வழங்கப்படும். அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் விருப்பம். ரைஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஜோசப் ஆக்னியூ என்ற மாணவர் காயங்களுக்குப் பிறகு கடைசி ஆண்டு உதவியை இழந்தார். 2010-ல் வழக்குத் தொடுத்தார். 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. அதே 2012-ல் பல ஆண்டு உதவித்தொகைக்கு மறுபடி அனுமதி வந்தது. 2015 ஜனவரியில் பெரும் ஐந்து கூட்டமைப்புகளைச் சேர்ந்த 65 கல்லூரிகள் கூடி, ஆட்டத்திறன் போதவில்லை என்ற காரணத்துக்காக உதவியை நிறுத்தக் கூடாது என்று விதி செய்தன. அந்தக் கூட்டத்தில் மாணவ வீரர்கள் 15 பேருக்கும் வாக்குரிமை இருந்தது. பணம் கொழிக்கும் அந்த விளையாட்டு உலகத்துக்கே இந்த நியாயம் புரிய நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. நமக்கும் அத்தனை ஆண்டு ஆக வேண்டுமா?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் இளம் வீரர்களுக்குப் பயிற்சிச் செலவு தவிர, கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் தருகிறார்கள். அவ்வப்போது மதிப்பீடு செய்து, முன்னேற்றம் காட்டாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணம் பதக்கத்துக்காகக் கொடுக்கப்படுவது. பதக்கம் வருமா வராதா என்று பார்ப்பது அதன் இயல்பு. கல்லூரிக் கட்டணச் சலுகை வேறு ஜாதி. அதை நம்பி ஒரு குடும்பம் மூன்று ஆண்டுப் படிப்பைத் தொடங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டு முடிந்தபின் நடுக்கடலில் இறக்கிவிட்டால் அந்தப் பையனுக்குப் பதக்கமும் இல்லை, பட்டமும் இல்லை. பயிற்சிக்கான பணத்தைத் திறமையோடு கட்டிப்போடுங்கள், படிப்புக்கான பணத்தை அப்படிக் கட்டிப்போடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணியை நினைத்துப் பாருங்கள். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்த பிறகுதான் அவரால் ஓட்டத்தைத் தொடர முடிந்தது. டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடரோட்ட அணி வரை போனார். ரயில்வே வேலையும் கிடைத்தது. அவருக்குக் கிடைத்த கல்லூரி இடத்தைக் கொண்டாடுகிறோம். அப்படி ஓர் இடம் கிடைத்தும் ஒலிம்பிக் வரை போக முடியாத ஆயிரம் பேருக்கு ஒரு பட்டமாவது மிஞ்ச வேண்டாமா?

நம் ஊரிலேயே இன்னொரு வழக்கம் கண்முன் இருக்கிறது. 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே இன்றும் நடக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள 'சொல்தா' வீட்டுப் பிள்ளைகள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள், பலர் அங்கே படித்தவர்கள். அப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பிரெஞ்சு அரசு தரும் கல்வி உதவிக்கு 'பூர்ஸ்' என்று பெயர். அது வீட்டு வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவது. பிள்ளை பந்தை எங்கே உதைத்தான் என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டு இடத்தில் சேர்ந்தவனுக்கும் வீட்டு நிலைமையை ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.

அப்படியானால் யாரிடமிருந்தும் சலுகையைத் திரும்ப வாங்கவே கூடாதா? வாங்கலாம். பொய்ச் சான்றிதழ் கொடுத்தவனுக்கு இரக்கம் வேண்டியதில்லை. விளையாட்டுச் சான்றிதழ் என்பது காகிதம் மட்டுமல்ல. பல்கலைக்கழக அணிக்கு ஆடியதற்கான படிவம் 3 போன்றவை அரசு வேலை வரை கணக்கில் வருகின்றன. இங்கே புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாகத் தொழிற்படிப்பு இடத்துக்கும் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. அந்த மதிப்பைக் கெடுப்பவன் வெளியே போக வேண்டும். இடம் கிடைத்ததும் மைதானத்துப் பக்கமே வராதவனும் அப்படித்தான். இரண்டு முறை எழுத்தில் எச்சரித்துவிட்டு நிறுத்துங்கள். வருகைப் பதிவேடு போதும் இதற்கு. பயிற்சிக்கு வந்தானா, வகுப்புக்குப் போனானா, ஒழுங்காக நடந்தானா என்ற மூன்றும் மாணவன் கையில் இருப்பவை. எத்தனை நிமிடம் ஆடினான் என்பது அவன் கையில் இல்லை. ஆடும்போது காயம்பட்டவனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? முழங்கால் தசைநார் அறுந்தால் திரும்பக் களம் காண ஒன்பது மாதம், ஓராண்டு கூட ஆகும். கல்லூரிச் சட்டையோடு விழுந்தவனிடம் கட்டணம் கேட்பது பாவம்.

இன்னொரு கவலை எழுத்தைப் பற்றியது. டெல்லி பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இடத்தில் சேர்கிறவர்கள், படிக்கும் காலம் முழுக்கக் கல்லூரிக்கு ஆடுவோம் என்று 100 ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழி தர வேண்டும். மாணவன் தரும் வாக்குக்கு முத்திரைத்தாள் இருக்கிறது. நான் விசாரித்த வரையில் நம் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் கல்லூரி தரும் வாக்குக்கு ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. "பீஸ் வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்று பிடி மாஸ்டர் சொன்னதை நம்பிச் சேர்கிறார்கள். அந்த மாஸ்டர் வேறு கல்லூரிக்கு மாறிப் போனால் வாக்கும் அவரோடு போய்விடுகிறது. இந்தத் தகப்பனாரின் கையிலும் ஒரு காகிதம் இல்லை.

உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் சொந்தக் காசில் பையன்களுக்குப் பூட்ஸ் வாங்கித் தருகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். முதல்வரிடம் பேசி, சலுகை எத்தனை ஆண்டுக்கு, எந்தக் காரணத்துக்காக மட்டும் நிற்கும் என்று ஒரே ஒரு பக்கக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். முதல்வரின் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் இருந்தால் போதும்.

பெற்றோர்களே, ஜூனில் மறுபடி சேர்க்கை தொடங்கும். உங்கள் பிள்ளையை ட்ரையலில் பார்த்துப் பிடித்துப்போய் ஒரு கல்லூரி கூப்பிட்டால் சந்தோஷப்படுங்கள். மாற்றுச் சான்றிதழை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

(தொடரும்)