மேகத்திற்குக் கீழே

விமானமோட்டிகள் மனப்பாடமாகச் சொல்லும் ஆங்கிலப் பாடல் ஒன்று உண்டு. 14 அடிகளே கொண்டது. ‘ஹை ஃபிளைட்’ என்பது அதன் பெயர். உயரப் பறப்பதன் இன்பத்தைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. அதை இயற்றியவன் 19 வயதில் இரண்டாம் உலகப் போரின்போது இறந்தான் என்று முதன்முதல் படித்தபோது, பகைவனுடைய குண்டுக்கு இரையானான் போலும் என்றே நான் எண்ணிக்கொண்டேன். உண்மை அதுவன்று. அவன் மாண்ட இடத்தில் பகைவனே இல்லை.

ஜான் கில்லெஸ்பி மகீ 1922-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் தேதி ஷாங்காய் நகரில் பிறந்தான். தந்தை அமெரிக்கப் பாதிரியார். தாய் ஆங்கிலேய மாது. படித்தது இங்கிலாந்தில், ரக்பி பள்ளியில். அங்கே கவிதைக்குப் பரிசும் பெற்றான். 1939-இல் அமெரிக்காவுக்குச் சென்றிருந்த சமயத்தில் போர் மூண்டுவிட்டது, திரும்ப இயலவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் சேர வழி இருந்தும் அதை விடுத்து, 1940-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கனடா விமானப் படையில் சேர்ந்தான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் அவனை அழைக்கவில்லை, தானே போனான்.

கனடாவில் பயிற்சி முடித்து 1941-இல் இங்கிலாந்து வந்தவனுக்கு ஸ்பிட்பயர் என்னும் போர் விமானம் கிடைத்தது. ஒரே ஒருவர் அமரும் விமானம் அது. 30,000 அடி உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ். பிராண வாயு முகமூடி இன்றி உயிர் தரிக்க முடியாது. அத்தகைய இடத்தில்தான் அந்தப் பாடல் அவன் உள்ளத்தில் தோன்றியது. தரையிறங்கியபின் எழுதி முடித்து, செப்டம்பர் மாதம் பெற்றோருக்கு எழுதிய கடிதத்துடன் அனுப்பினான்.

டிசம்பர் 11-ஆம் தேதி வந்தது. அவனுடைய படைப்பிரிவு லிங்கன்ஷயரில் வெல்லிங்கோர் என்னும் சிறு தளத்திலிருந்து போர்ப் பயிற்சிக்காகக் கிளம்பிற்று. திரும்பும் வழியில், கீழே பரந்திருந்த மேகத்தில் ஓர் இடைவெளி தென்பட, அதன் வழியே விமானங்கள் இறங்கின. மேகத்தை விட்டு வெளிப்பட்ட சிறிது நேரத்தில், ஏறத்தாழ 1,400 அடி உயரத்தில், கிரான்வெல் தளத்திலிருந்து வந்த ஆக்ஸ்போர்டு என்ற பயிற்சி விமானத்தின்மீது மகீயின் விமானம் மோதியது. அதை ஓட்டியவனும் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவனே, அவனும் மாண்டான்.

பரந்த வானத்தில் இரு விமானங்கள் ஒன்றையொன்று காணாமல் எங்ஙனம் மோதக்கூடும் என்று நீங்கள் கேட்கலாம். நாற்சந்தியை நோக்கி இரு சாலைகளில் இரண்டு மிதிவண்டிகள் ஒரே சீரான வேகத்தில் வருவதாகக் கொள்வோம். இருவரும் சந்தியை ஒரே கணத்தில் அடைவதாயின், ஒருவன் கண்ணுக்கு மற்றவன் பக்கவாட்டில் நகர்வதே தெரியாது. ஒரே திசையில் நின்றபடி மெல்லப் பெரிதாவான், அவ்வளவுதான். நம் கண்ணோ, அசைவதைச் சட்டெனப் பிடிக்கும், அசையாததைத் தவறவிடும். ஆகவே மோத வரும் விமானமே கண்ணுக்கு எளிதில் அகப்படாத விமானம். மகீயின் விபத்தில் எது எவ்வளவு பங்கு பெற்றது என்று பிரித்துச் சொல்ல நான் துணியேன். ஆனால் ஸ்பிட்பயரின் நீண்ட மூக்கு, முன்புறத்தில் கீழே இருப்பதை மறைக்கும். மேகத்திலிருந்து இறங்குபவனைக் கீழே பறப்பவன் முன்கூட்டியே காண வழியில்லை. லிங்கன்ஷயரிலோ விமானத் தளங்கள் ஊருக்கு ஊர் நெருங்கிக் கிடந்தன.

ஸ்பிட்பயர் விமானி கண்ணாடி மூடியைப் பின்னுக்குத் தள்ளப் போராடியதையும், பின் எழுந்து நின்று வெளியே குதித்ததையும் ஒரு குடியானவர் தரையிலிருந்து பார்த்திருக்கிறார். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,400 அடி உயரத்திலிருந்து ஒரு கல்லைக் கைவிட்டால், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், அது தரையைத் தொட 9 விநாடிக்குச் சற்று மேலாகும். ஏற்கெனவே கீழ்நோக்கி வரும் விமானத்திற்கு இன்னும் குறைவு. அதற்குள் வாரை அவிழ்த்து, மூடியைத் திறந்து, வெளியேறி, கயிற்றை இழுத்து, பாரசூட் விரிய வேண்டும். மகீ மூடியைத் திறந்தான், வெளியேறவும் செய்தான். பாரசூட் விரிவதற்கு உயரம் மிச்சமில்லை.

ஒரு மாதத்திற்கு முன்பு, நவம்பர் 8-ஆம் தேதி, பகைவர் வசமிருந்த பிரான்சின் லீல் நகர்ப்பக்கம் சென்று போரிட்டு உயிரோடு திரும்பியவன் அவன். பயிற்சி, போரைவிட எளிதன்று. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் அந்தப் போரில் மாண்டவர் 55,000-க்கு மேற்பட்டோர்; அவர்களுள் சுமார் 8,000 பேர் பயிற்சியிலும் பிற விபத்துக்களிலுமே உயிரிழந்தனர். வெற்றிப் பட்டியல்களில் இந்த எண்ணிக்கை அதிகம் பேசப்படுவதில்லை. இது எனக்கு என்றுமே ஒரு குறையாகத் தோன்றும்.

ஜெர்மனி அமெரிக்காவின்மீது போர் அறிவித்ததும் அதே டிசம்பர் 11-ஆம் தேதிதான். தந்தையின் தேவாலய இதழில் வெளிவந்த பாடல் பத்திரிகைகளுக்குப் பரவியது. 1942-இல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் கண்காட்சியில் இடம் பெற்றது. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்ட மாலையில், அமெரிக்க ஜனாதிபதி ரீகன் தம் உரையை முடிக்க எடுத்துக்கொண்டதும் இப்பாடலின் சொற்களையே.

லிங்கன்ஷயரின் ஸ்காப்விக் கிராமத்து இடுகாட்டில் மகீயின் கல்லறை இருக்கிறது. பாடலின் முதலடியும் கடைசியடியும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவன் பெற்றோருக்கு அனுப்பிய அந்தத் தாள் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.